சீப்பில் வராத முடி

வீடு வீடாகப் போய்த் தலை வாரிவிடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் போன வாரம் என்னிடம் வந்து, முடி உதிர்கிறவர்களுக்கு எந்த எண்ணெய் நல்லது, எந்தச் சீப்பு நல்லது என்று கேட்டீர்கள். அவற்றை நீங்கள் பத்து நாளில் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு என் எழுத்து வேண்டாம். நான் செய்த ஒரு தவற்றைத்தான் எழுதித் தருகிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. தெரிந்தேதான் செய்தேன், பொறாமையில்.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை போனேன், தலை எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று அன்றன்றே எழுதிவிடுவேன். ஆகையால் கீழே வரும் கிழமைகளை நம்பலாம். ஆண்டைச் சொல்வதானால், இந்த ஊரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதற்கு மறு ஆண்டு.

சிராங்கூன் சாலையிலும் ஜாலான் புசாரை ஒட்டிய சந்துகளிலும் அப்போது இந்த வேலையில் ஐந்து பெண்கள் இருந்தோம். ஆனால் பேச்சு வந்தால் இரண்டு பெயர்கள்தான் வரும். ஒன்று என் பெயர், இன்னொன்று கதீஜா. அவள் நாகப்பட்டினத்துக்காரி, என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். நேரில் கதீஜாம்மா என்பேன். மனத்துக்குள் அவளுக்கு அந்த ‘அம்மா’வைக் கொடுத்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. விரல்கள் குட்டை. ஒரு தலைக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். நான் அரை மணியில் முடித்துவிடுவேன். நான் போட்ட பின்னல் மறுநாள் காலை வரை ஒரு பிசிறு கலையாது.

அடர்ந்த முடி உள்ளவர்களும், கல்யாணப் பெண்களும் என்னைக் கூப்பிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டியவர்களும், காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களும், நெற்றிப் பக்கம் ஏறிக்கொண்டே போனவர்களும் கதீஜாவைக் கூப்பிட்டார்கள். அதில் எனக்கு என்ன குறை என்று நினைப்பீர்கள். குறை இதுதான்: என்னைக் கூப்பிட்ட வீடுகளில் கதவு திறந்தே இருக்கும். நான் பின்னிக்கொண்டிருக்கும்போதே கறிக்காரனிடம் பேரம் நடக்கும். கதீஜா போன வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சொந்தத் தங்கைக்குக் காட்டாத தலையை அவளுக்குக் காட்டினார்கள். உள்ளே அழுவதும், பிறகு சிரிப்பதும் எனக்கு வெளியில் கேட்டிருக்கிறது. எப்படிக் கேட்டது என்றால், நான் நின்று கேட்டிருக்கிறேன். எந்த வீட்டு வாசலில் அவளுடைய கட்டைச் செருப்பு கிடக்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு சந்து கூடுதலாகச் சுற்றிக்கொண்டு போவேன். அதையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். இன்று படிக்கும்போது கூசுகிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்களை அளந்தது சீப்பு. வாரி முடித்ததும் வீட்டுப் பெண்கள் சீப்பை வாங்கிப் பார்ப்பார்கள். சீப்பில் முடி குறைவாக இருந்தால் ராசியான கை. நிறைய இருந்தால் அந்தக் கை ஆகாது. இப்போதும் அப்படிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இனி பாக்கியத்தின் கதை. ஜாலான் புசாருக்குப் பின்னால் ஒரு சந்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். மனைவி பாக்கியம். கூடவே அவளுடைய மாமியார். ஜூலையில் பாக்கியத்துக்கு நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபாய்டு வந்து, நான்கு வாரம் படுக்கையில் கிடந்து பிழைத்தாள். செப்டம்பர் கடைசியில் முடி கொட்டத் தொடங்கியது. கடும் காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி உதிரும். பின்னாளில் நான் தேடிப் படித்த வைத்திய நூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. உதிர்ந்த இடத்தில் திரும்ப முளைக்கவும் செய்யும். ஆனால் தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்க்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்? மொட்டை அடித்துவிட்டால் ஒரே சீராக வளரும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கணவரும் சரி என்றுவிட்டார்.

“தாலி கழுத்திலை கிடக்க மொட்டைத் தலையோட நான் ஆரின்ரை முகத்திலை முழிக்கிறது?” என்று பாக்கியம் அழுதாள்.

மாமியார்தான் நடுவில் வந்தார். ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பது. நல்ல கையாகப் பார்த்து வாரிவிடச் சொல்வது. கொட்டுவது நின்றால் சரி. நிற்காவிட்டால் நாவிதரைக் கூப்பிடுவது. அந்த வீட்டில் எடுத்த முடிவு அதுதான்.

நல்ல கை எது என்று கண்டுபிடிக்க மாமியார் ஒரு பரீட்சை வைத்தார். அக்டோபர் முதல் வாரம், திங்கட்கிழமை கதீஜா வாரினாள். செவ்வாய்க்கிழமை நான் வாரினேன். வாரும்போது மாமியார் பித்தளைத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சீப்பில் வருகிற முடியெல்லாம் தட்டில் விழ வேண்டும். நான் போனபோது முதல் நாள் முடியை எடுத்து வைத்திருந்தார். ஒரு குருவிக்கூடு அளவு இருந்தது. என் சீப்பில் வந்தது ஆறோ ஏழோ.

“பாருங்கோ, இதெல்லோ கை!” என்றார் மாமியார். “அவ புடுங்கியெல்லோ போட்டா.”

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். பிரிந்து நின்ற முடியையெல்லாம் திங்கட்கிழமையே கதீஜா அடிவரை வாரி எடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை விழுவதற்கு மிச்சம் இல்லை. என் இடத்தில் ஒரு குரங்கு வாரியிருந்தாலும் ஆறு முடிதான் வந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. “சில பேர் கை அப்படித்தாம்மா” என்று மட்டும் சொன்னேன். இனி ஒருநாள் விட்டு ஒருநாள் என்னையே வரச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி வழியில் கதீஜா எதிரே வந்தாள். அவளுக்குச் செய்தி எட்டியிருந்தது. கோபம் எதையும் முகத்தில் காணோம்.

“தங்கச்சி, அந்தப் புள்ளைக்கு இன்னும் கொட்டும். பயந்துக்கிட்டு விட்டுடாத. விழுந்தத வெளிய எடுத்துடு. உள்ளயே விட்டா சுத்திக்கும்.”

“எனக்கும் அஞ்சு வருஷமா இதே வேலைதான் கதீஜாம்மா.”

“தெரியும்மா. அதான் உன்கிட்ட சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த முறை நான் பாக்கியத்தின் பின்னால் உட்கார்ந்து, முதல் இழுப்பில் சீப்பை அடிவரை கொண்டுபோனேன். கட்டை விரல் கனத்துக்கு முடி வந்தது. மாமியார் அப்போதுதான் தட்டை எடுக்க உள்ளே போயிருந்தார். அந்த முடியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு பையிலிருந்து என் பிரஷ்ஷை எடுத்தேன்.

அந்தப் பிரஷ்ஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் சாமான்கள் ஏலம் போனபோது வாங்கியது. வெள்ளிப்பிடி, மிக மெல்லிய மயிர். அதைப் போட்டால் மேல்முடி பட்டுப்போல் மின்னும். தலையில் பட்டதே தெரியாது. உதிர்கிற தலைக்கு மென்மையாக வார வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள் இல்லையா? அதைவிட மென்மையாக யாராலும் வார முடியாது. ஆனால் அது மேலே மட்டும்தான் போகும். அடியில் பிரிந்து கிடக்கும் முடி அப்படியே கிடக்கும். தட்டில் இரண்டு முடி விழும், சில நாள் அதுவும் இல்லை.

“எனக்கு நோகவே இல்லை. உங்கட கை பூப்போல” என்றாள் பாக்கியம்.

செய்தி சந்து முழுவதும் பரவியது. இரண்டு வாரத்தில் மூன்று புதிய வீடுகள் என்னைக் கூப்பிட்டன. மூன்றும் கதீஜாவின் வீடுகள். மூன்றிலும் கதவைச் சாத்திக்கொண்டு என் முன்னால் தலையை அவிழ்த்தார்கள். நாட்குறிப்பில் அந்த வீடுகளின் பெயருக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருக்கிறேன்.

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை. “பிடரிப் பக்கம் இழுக்குது” என்றாள் பாக்கியம். கொண்டையை அவிழ்த்து விரலை விட்டுப் பார்த்தேன். பிடரியில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குச் சிக்கு. உதிர்ந்த முடி வெளியே வர வழியில்லாமல், உயிரோடு இருக்கிற முடியைச் சுற்றிக்கொண்டு திரண்டிருந்தது. அன்றைக்கு அதை எடுத்திருக்கலாம். அரை மணி வேலை. எடுத்தால் தட்டு நிறையும். தட்டு நிறைந்தால் மாமியார் கேட்பார். அந்தச் சந்தில் கட்டைச் செருப்புச் சத்தம் திரும்பக் கேட்கும்.

“காய்ச்சல் விட்ட உடம்பு, நரம்பு அப்படித்தான் இழுக்கும்” என்று சொல்லி, சிக்கின் மேலேயே கொண்டையைப் போட்டேன்.

நீங்கள் ஒருநாள் இதே இடத்தில் நிற்பீர்கள். விரலுக்குத் தெரிந்ததை வாய் மறைக்கப் பார்க்கும் நிமிடம் அது. எனக்கு அந்த நிமிடம் போய்விட்டது.

நான்காம் வாரம் வெள்ளிக்கிழமை மாமியார் மருமகளுக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, சுடுநீர் ஊற்றித் தலை முழுக வைத்தார். தேய்க்கத் தேய்க்க அந்தச் சிக்கு இறுகிக் கம்பளித் துண்டுபோல் ஆகிவிட்டது. கைப்பிடி அளவு. சீப்பு நுழையவில்லை. கணவர் வந்து பார்த்துவிட்டு, “இனி என்ன யோசினை?” என்று ஞாயிற்றுக்கிழமைக்கு நாவிதரை வரச் சொல்லிவிட்டார். (பாக்கியம் பின்னாளில் அது சனிக்கிழமை என்றாள். ஞாயிறுதான். சனிக்கிழமை காலையில் அவள் கணவருக்கு அலுவலகம் உண்டு.)

அந்த ஞாயிறு காலை நான் வழக்கம்போல் வாரப் போனபோது நாவிதர் ஐந்தடி வழியில் உட்கார்ந்து கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தார். கணவர் முன்னறையில் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசலில் கட்டைச் செருப்பு கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொல்லி, கடைசியாக ஒருமுறை பார்க்கட்டும் என்று கதீஜாவை அழைத்திருந்தார்கள். உள்ளே ஒருத்தியின் தலை போகப்போகிறது. எனக்கு முதலில் எழுந்த நினைப்பு, இந்த வீட்டுக்கும் வந்துவிட்டாளா என்பதுதான்.

பின்னறையில் பாய் விரித்து, பாக்கியத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதீஜா உட்கார்ந்திருந்தாள். சிக்கில் தேங்காய் எண்ணெயை ஊறவிட்டு, நடுவைத் தொடாமல் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழையாக விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிந்ததை அகலப் பல் சீப்பால் மெதுவாக வாரி எடுத்தாள். கால் பங்கு பிரிந்திருந்தது. அவள் மடியில் செத்த முடி குவிந்து கிடந்தது. அப்போது மாமியார் உள்ளே வந்தார்.

“ஐயோ! முழுக்கப் புடுங்கிப்போட்டாளே!”

“புடுங்கலம்மா” என்றாள் கதீஜா, கையை நிறுத்தாமல். ஒரு முடியை எடுத்து நீட்டினாள். “வேர் முனையப் பாருங்க. வெள்ளையா காஞ்சிருக்கு. இது இன்னைக்கி விழுந்தது இல்ல. விழுந்து நாளாச்சு, உள்ளயே கெடந்துருக்கு.”

“எப்ப விழுந்தது? இந்தப் பிள்ளை ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து வாரினவ. தட்டிலை ஒரு மயிர் விழேல்லை!”

மாமியார் காட்டிய ‘இந்தப் பிள்ளை’ நான். கதீஜா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“படுத்தே கெடந்தா சிக்கு சேரத்தாம்மா செய்யும்” என்றாள். “யார் வாரினாலும்.”

முன்னறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. “என்ன, நாவிதரை உள்ளுக்கு வரச் சொல்லட்டே?”

பாக்கியம் எழுந்து உட்கார்ந்தாள். கதீஜாவின் மடியைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

“இவவைப் போகச் சொல்லுங்கோ மாமி. இவ தொட்டாத்தான் இப்பிடிக் கொட்டுது. அண்டைக்கும் இவதான். இனி என்னத்தை மிச்சம் வைக்கப்போறா? நாவிதரே வரட்டும்.”

நிலைமையைப் பாருங்கள். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றாலே போதும். என் பெயர் அப்படியே இருக்கும், கதீஜாவின் பெயர் இந்தச் சந்தோடு முடியும். பாக்கியத்தின் தலை மட்டும் போகும். நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று நாட்குறிப்பில் இல்லை. நாவிதர் படியேறும் சத்தம் கேட்கும் வரை நின்றேன்.

அதன் பிறகு செய்ததை நல்ல குணத்தால் செய்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அவ்வளவு அழகாக இல்லை. கதீஜா என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது எனக்குப் பொறுக்கவில்லை. என்னை மறைத்து நிற்கும் அளவுக்கு இவள் பெரியவளா என்று வயிறு எரிந்தது. பாக்கியத்தின் முகமும் கண்முன் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் என்னை உட்கார வைத்தன.

“உங்க சீப்பக் குடுங்க” என்று கதீஜாவிடம் கேட்டு வாங்கினேன்.

பாக்கியத்தின் வலது காதுக்கு மேலே சிக்கு இல்லாத பகுதி இருந்தது. இடது கையால் வேர்ப் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் நுனியை, பிறகு நடுவை, பிறகு தலைத்தோல் வரை வாரினேன். கொத்தாக வந்தது. மாமியாரின் தட்டில் வைத்தேன். இன்னொரு முறை வாரினேன். மறுபடியும் கொத்து. நான்காவது முறையில் தட்டின் அடி தெரியவில்லை.

“இதுவும் என் கைதாம்மா” என்றேன். “அன்னைக்கி அவங்க எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, அதனாலதான் மறுநாள் எனக்கு வரல. அதுக்கப்புறம் நான் அடிவரைக்கும் வாரவே இல்ல. மேல மட்டும் பிரஷ் போட்டேன். பிடரியில சிக்கு இருக்குன்னு போன வாரமே எனக்குத் தெரியும்.”

“தெரியுமோ?” என்றார் மாமியார். “தெரிஞ்சு கொண்டுதான் அதுக்கு மேலை கொண்டை போட்டனீரோ?”

“ஆமாம்மா.”

பாக்கியம் தட்டைப் பார்த்தாள், பிறகு கதீஜாவின் மடியைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் அமைதியாகத்தான் வந்தது.

“ரெண்டு பேரின்ரை கையிலையும் ஒரே மாதிரித்தான் வருது. அப்ப கையிலை பிழை இல்லை. என்ரை காய்ச்சல்தான் கொட்டுது.” பிறகு கதீஜாவிடம் திரும்பி, “மிச்சத்தை எடுக்கேலுமோ?” என்று கேட்டாள்.

“எடுக்கலாம் புள்ள. நாளாகும். மொட்டை வேணாம். நீ படு.”

பாக்கியம் திரும்ப அந்த மடியில் தலையை வைத்தாள். நாவிதருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கதீஜாவுக்கு இன்னொரு கை தேவைப்பட்டது. “தங்கச்சி, வேர்ப் பக்கம் புடிச்சுக்க. நான் இழுக்குறது அந்தப் புள்ள தலைக்குப் போகக் கூடாது” என்றாள். பிடித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் அவளுடைய விரல்களை ஒரு முழ தூரத்தில் பார்த்தேன். குட்டை விரல்கள் என்று நான் கேலி செய்தவை. சிக்கு இறுகும்போது அவை தளர்ந்தன. பாக்கியத்தின் கழுத்து விறைக்கும்போது கதீஜா கையை எடுத்துவிட்டு, அன்றைக்குச் சந்தையில் பார்த்த ஒரு பெரிய சுறாவைப் பற்றிப் பேசுவாள். பாக்கியம் சிரிப்பாள், கழுத்து இளகும், கை திரும்பப் போகும். எனக்கு யாரும் அப்படிச் சொல்லித் தந்ததில்லை. தந்திருந்தாலும் எனக்கு வந்திருக்குமா என்று தெரியவில்லை. அவள்மேல் எனக்கு இருந்த எரிச்சல் அந்த இரண்டு மணி நேரத்தில் குறையவில்லை. கூடியது. முன்பு அவள் பெயரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அன்று அவள் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

மாலையில் நான் புறப்படும்போது மாமியார் வாசல் வரை வந்தார். “நாளைக்கு நீர் வரத் தேவையில்லை. பிடிக்கிறதுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வருவா.” சிக்கு முழுவதையும் எடுக்க மொத்தம் நான்கு நாள் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். அந்த வாரத்துக்குள் இரட்டைக் கோடு போட்ட மூன்று வீடுகளும் போயின. பழைய வீடுகளிலும் இரண்டு போயின.

அதற்குப் பிறகு உதிர்கிற தலை எது வந்தாலும் ஒரு வெள்ளைத் துணியை அவர்கள் மடியிலேயே விரிப்பேன். சீப்பை எடுக்கும் முன்பே, இன்றைக்கு நிறைய வரும், இது முன்பே பிரிந்த முடி, எடுக்காவிட்டால்தான் கெடுதல் என்று சொல்லிவிடுவேன். துணியைப் பார்த்துப் பயந்து இனி வராதே என்று சொன்ன வீடுகள் உண்டு. உங்களுக்கும் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் காய்ச்சல் கண்ட தலையில் உங்கள் சீப்பு வெறுமையாக வந்தால், பாராட்டை வாங்கும் முன் விரலை விட்டுப் பிடரியைப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் நடுவில், ஒரு புதன்கிழமை, சிராங்கூன் சாலைச் சந்தையில் என்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாக்கியம். சவுரி வைக்காமல் தன் முடியிலேயே சின்னதாகக் கொண்டை போட்டிருந்தாள். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. நெற்றியிலிருந்து பிடரி வரை புதிதாக முளைத்த குட்டை முடி வெயிலில் சிலிர்த்து நின்றது. கதீஜாம்மா அப்படிச் செய்தார், இப்படிச் செய்தார் என்று கூடையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் சொன்னாள். அவள் என்மேல் வைத்திருந்த கோபம் எப்போதோ போயிருந்தது. பிறகு திரும்பி நின்று தலையைக் குனிந்தாள்.

“தொட்டுப் பாருங்கோவன். உங்களுக்குத்தானே விளங்கும்.”

தொட்டேன். “நல்லா வளர்ந்திருக்கு” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்: அவள் தலை நிறைய முடி முளைத்திருந்ததைக் கண்டு மகிழ வேண்டிய அந்த நேரத்திலும், என் விரல்கள் பிடரி முழுவதும் போய்த் தேடியது கதீஜா தவறவிட்ட ஒரு சிக்கை. ஒன்றுகூட இல்லை.